அத்தியாயம் 6: கார்டிலிருந்து காப்பகம் வரை

வாரத்தில் ஐந்து நாள் ஹைதராபாதின் மாதாப்பூரிலோ கச்சிபௌலியிலோ கோடு எழுதுகிறீர்கள். சனி, ஞாயிறு விடியற்காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சார்மினார் பக்கமோ கோல்கொண்டா பக்கமோ கிளம்புகிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் முன்பே பார்த்தாயிற்று. இங்கே முக்கியமாகப் பேசப்போவது படம் எடுத்த பிறகு நடக்க வேண்டியதை. கார்டில் இருக்கும் படம் கணினிக்கு வர வேண்டும், பெயர் பெற வேண்டும், பிரதியாக வேண்டும், இருபது வருஷம் கழித்துத் தேடினாலும் கைக்குக் கிடைக்க வேண்டும்.

ஆபீஸில் ரிவியூ இல்லாமல் ஒரு வரி சேர்க்க மாட்டோம். பேக்கப் இல்லாமல் டேட்டாபேஸைத் தொட மாட்டோம். அதே ஆள் வீட்டில் பல வருஷப் படங்களை ஒரே ஹார்டு டிஸ்கில், ‘நியூ ஃபோல்டர் 2’ என்ற பெயரில் வைத்திருப்பார். வேலையிடத்து ஒழுங்கில் மூன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூலப் படத்தைத் திருத்தக் கூடாது. இரண்டு பிரதி உறுதியாகும்வரை எதையும் அழிக்கக் கூடாது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

இந்த ஊரில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. செகந்தராபாதில் ஸ்டூடியோ வைத்திருந்த ராஜா தீன் தயாள் (1844–1905), 1885-இல் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர் ஆனவர். அவருடைய கண்ணாடித் தகடு நெகட்டிவ்களில் 2,857-ஐ டெல்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் வாங்கியது. அவர் மறைந்து எண்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தகடுகள் மிஞ்சியிருந்தன. கண்ணாடி உடையும்தான். ஆனால் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும். நம் ஃபைல்களுக்கு அந்த வசதி கிடையாது. டிஸ்க் ஒருநாள் ஓட மறுத்தால் அதோடு சரி.

முதலில் வாங்க வேண்டியவை

1. சொந்தக் கணினி. பழைய லேப்டாப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எட்டு ஜிபி ராம் இருந்தால் தொடங்கிவிடலாம்.
2. 64 ஜிபி கார்டு இரண்டு. 128 ஜிபி ஒன்றைவிட இது பாதுகாப்பு. ஒன்று கெட்டால் பாதிப் படமாவது மிஞ்சும்.
3. தனி கார்டு ரீடர். கேமராவைக் கேபிளில் இணைத்துப் படம் இறக்கும்போது பேட்டரி நடுவில் தீர்ந்தால் தலைவலி.
4. வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே தொகுதியில் வந்தவை ஒரே சமயத்தில் பழுதாக வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு பெரிய டிஸ்க் என்று ஒரு கணக்குப் போடலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி வரை வரும். ஒரு காலையில் 300 படம் எடுத்தால் 9 ஜிபி. வருஷத்துக்கு 40 காலைகள் என்றால் 360 ஜிபி. ஆக 2 டிபி டிஸ்க் ஐந்து வருஷம் தாங்கும்.

கார்டும் டிஸ்கும் நேரில் பார்த்து வாங்க செகந்தராபாத் பார்க் லேனில் செனாய் டிரேட் சென்டர் இருக்கிறது. கோட்டியில் குஜராத்தி கல்லி இருக்கிறது. எங்கே வாங்கினாலும் புதுக் கார்டை நேரே கேமராவில் போட்டுவிடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் கார்டுகள் சந்தையில் உண்டு. 64 என்று காட்டும், எட்டு ஜிபிக்கு மேல் எழுதியதை விழுங்கிவிடும். ‘எஃப்3’ என்ற இலவச நிரல் கார்டு முழுவதையும் எழுதி நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். அரை மணியோ ஒரு மணியோ ஆகட்டும், ஓடவிடுங்கள்.

எச்சரிக்கை: ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். அதுதான் வீட்டிலிருப்பதிலேயே வேகமான கணினியாக இருக்கும். ஆசை வரும். ஆனால் அதில் யூஎஸ்பி எழுத்துத் தடை இருக்கலாம், கண்காணிப்பு நிரல் இருக்கலாம். தொலைவிலிருந்து முழுவதையும் துடைக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கும். ராஜினாமா கடிதம் கொடுத்த அன்று மாலையே அணுகல் நிறுத்தப்படலாம். நிறுவனக் கணக்கில் வரும் க்ளவுட் இடத்துக்கும் இதே விதிதான்.

வெள்ளிக்கிழமை இரவு: பத்து நிமிட வேலை

1. பேட்டரி இரண்டையும் சார்ஜில் போடுங்கள்.
2. கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஆன்சைட் போய்த் திரும்பியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். படத்தோடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் நேர மண்டலத்தைக் குறிக்கும் புலமே 2016-இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய கேமராக்களில் வெறும் நேரம் மட்டும் பதிவாகும், எந்த ஊர் நேரம் என்று தெரியாது.
3. போன வாரப் படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் வைத்து ஃபைல்களை அழிப்பதும் கணினியில் ஃபார்மட் செய்வதும் வேண்டாம். கேமரா எதிர்பார்க்கும் அமைப்பைக் கேமராவே எழுதட்டும்.
4. ராவும் ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். ஜேபெக் அன்றைக்கே வீட்டாருக்கு அனுப்ப, ரா காப்பகத்துக்கு.

குறிப்பு: இரண்டு கேமரா, அல்லது கேமராவும் போனும் கொண்டுபோகிறீர்களா? கிளம்பும்போது போனில் விநாடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து, அந்தத் திரையை ஒவ்வொரு கேமராவிலும் ஒரு படம் எடுங்கள். கேமரா எவ்வளவு முன்னே பின்னே ஓடுகிறது என்பது அந்தப் படத்திலேயே இருக்கும். பிற்பாடு எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நகர்த்தி ஒட்டவைத்துவிடலாம்.

களத்தில்: வெளிச்சமும் பாதுகாப்பும்

ஹைதராபாதில் சூரியோதயம் ஜூன் தொடக்கத்தில் சுமார் 5:40, ஜனவரி நடுவில் சுமார் 6:50. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை அலாரத்தில் கணக்கிடுங்கள். வெயில் காலத்தில் எட்டரைக்கு மேல் கேமராவைப் பைக்குள் வைத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். மே 9, ஆகஸ்ட் 3 வாக்கில் நண்பகலில் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கம்பத்துக்கே நிழல் விழாத நேரத்தில் மனித முகத்தில் கண் இருக்கும் இடம் கருங்குழியாகத்தான் தெரியும்.

1591-இல் கட்டப்பட்ட சார்மினாரின் நான்கு வளைவுகளும் நான்கு திசையைப் பார்த்து நிற்கின்றன. படம் எடுப்பவருக்கு அது பெரிய உதவி. காலையில் சர்தார் மஹல் இருக்கும் கிழக்குத் தெருவில் நின்றால் வெயில் உங்கள் முதுகில், கட்டடத்தின் முகத்தில் பொன்னிறம். அதே நேரத்தில் மேற்கே லாட் பஜாரிலிருந்து பார்த்தால் கட்டடம் நிழலுருவாக நிற்கும். மாலையில் எல்லாம் தலைகீழ். எந்தப் படம் வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொண்டு போங்கள்.

லாட் பஜாரின் வளையல் கடைகளுக்குள் போனால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கண்ணாடி அலமாரி முழுக்க எல்ஈடி விளக்கு. கல் பதித்த வளையல் அடுக்குகள் பளபளக்கின்றன. ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் 1/1000-இல் எடுக்கிறீர்கள். திரையில் பார்த்தால் சுவரின் குறுக்கே மங்கலான பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகையால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. சென்சார் வரிவரியாகப் படிக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் பட்டையாக விழுகிறது. செய்ய வேண்டியவை:

1. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.
2. வேகத்தை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள்.
3. ஃப்ளிக்கர் தடுப்பு வசதி கேமராவில் இருந்தால் போட்டுவிடுங்கள்.
4. முதல் படத்தைப் பெரிதாக்கி, வெறும் சுவர் தெரியும் இடத்தைப் பாருங்கள். வளையலில் பட்டை தெரியாது, சுவரில்தான் தெரியும்.

கடைக்காரரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். பழைய நகரத்தில் “பாய், ஏக் ஃபோட்டோ லேலூம் க்யா?” என்றால் போதும். குடிமல்காப்பூர் பூ மார்க்கெட்டில் “அன்னா, ஒக ஃபோட்டோ தீசுகோவச்சா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று கை காட்டினால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். பெண்களையும் குழந்தைகளையும் கூட்டத்தோடு கூட்டமாக எடுத்து, வீட்டில் வெட்டித் தனிப்படமாக்குவது கூடவே கூடாது.

பாதுகாப்புக்கு இவற்றை மனத்தில் வையுங்கள்:

- சார்மினாரும் கோல்கொண்டாவும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. டிரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுக்கப் பழகுங்கள்.
- ட்ரோன் வைத்திருப்பவர்கள் பறக்கவிடுமுன் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பேகம்பேட்டை விமான நிலையம், ஹக்கீம்பேட்டை, துண்டிகல் விமானப்படைத் தளங்கள், பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் என்று இந்த ஊரில் தடையுள்ள இடங்கள் ஏராளம். 250 கிராமுக்குக் குறைந்த சிறு ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்ற 2021 விதி, தடைசெய்த வான்வெளியில் பறக்க அனுமதி ஆகாது.
- காஜாகுடா பாறைகள் அழகு. மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும். தனியாக ஏறாதீர்கள்.
- துர்கம் செருவு கேபிள் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். ஏரிக்கரை நடைபாதையிலிருந்து பாலம் இன்னும் நன்றாகத் தெரியும்.
- கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கொண்ட கேமராவில், டெலி லென்ஸைப் போட்டுச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண்பார்வை போய்விடும்.
- வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியையும் கேமராவையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீடு திரும்பியதும்: படம் இறக்கும் முறை

இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். வரிசையை மாற்றாதீர்கள். பசிக்கும், தூக்கம் வரும். ஆனாலும் முதல் நான்கு படிகளை அன்றைக்கே முடியுங்கள்.

1. கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளுங்கள். இனி கணினி அதில் எழுதாது.
2. ரீடரில் போட்டு, ‘வரவு’ போன்ற ஒரு தற்காலிக ஃபோல்டருக்குப் பிரதி எடுங்கள். கட் செய்து ஒட்டாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் பாதி அங்கே பாதி இங்கே என்று நிற்கும்.
3. பிரதி சரிதானா என்று செக்சம் போட்டு ஒப்பிடுங்கள். கார்டில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 கணக்கிட்டு, பிரதியின் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் ஸ்கிரிப்ட் உங்களுக்குப் பத்து வரி வேலை. ஒரு நுணுக்கம்: இப்போதுதான் எழுதிய ஃபைலை உடனே படித்தால் இயங்குதளம் டிஸ்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம். வெளி டிஸ்கைச் சரிபார்க்கும்போது ஒருமுறை முறையாக வெளியேற்றி, கழற்றி மாட்டிவிட்டுப் பிறகு சரிபாருங்கள்.
4. முதல் வெளி டிஸ்குக்கும் உடனே ஒரு பிரதி அனுப்புங்கள். பெயர் மாற்றம், தேர்வு எல்லாம் பிறகு. முதலில் படம் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.
5. பெயர் மாற்றுங்கள். கேமரா தரும் பெயரில் நான்கு இலக்கம்தான் உண்டு, 9999-க்குப் பின் மறுபடியும் 0001. மேலே போட்ட கணக்குப்படி முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே ஒரே பெயரில் இரண்டு படம் வந்துவிடும். ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல், படம் எடுத்த நேரத்தைப் படித்து அதையே பெயராக வைக்கும். வருஷம், மாதம், தேதி, பிறகு மணி, நிமிடம், விநாடி, கடைசியில் கேமரா கொடுத்த எண். தொடர்ச்சியாக எடுத்த படங்கள் ஒரே விநாடியில் விழும், அதனால் அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். ஃபைலின் ‘மாற்றிய தேதி’யை நம்பாமல், எக்ஸிஃபில் உள்ள ‘டேட் டைம் ஒரிஜினல்’ புலத்தையே பயன்படுத்துங்கள்.
6. எக்ஸிஃப்டூலில் ‘டெஸ்ட்நேம்’ என்ற புலம் இருக்கிறது. எதையும் மாற்றாமல், மாற்றினால் பெயர் எப்படி வரும் என்று மட்டும் காட்டும். அதை ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையில் மாற்றுங்கள்.
7. வருஷம், அதற்குள் தேதி என்ற ஃபோல்டர் அமைப்புக்குள் படங்களை நகர்த்துங்கள். செக்சம் பட்டியலைப் புதுப் பெயர்களோடு மறுபடி எழுதி, அதே ஃபோல்டரில் ஒரு சிறு டெக்ஸ்ட் ஃபைலாக வையுங்கள். அடுத்த வருஷம் டிஸ்கைச் சோதிக்க அதுதான் சாட்சி.
8. வெளி டிஸ்கில் உள்ள பிரதியையும் இதே அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். கார்டை அடுத்த வெள்ளி வரை தொடாதீர்கள்.

ஆர்சிங்க் பயன்படுத்துவோருக்கு

பிரதியெடுக்கும் வேலைக்கு ஆர்சிங்க் அருமையான கருவி. அதில் கவனக்குறைவாக இருந்தால் இழப்பும் பெரிது. மூன்று இடங்களில் நிதானியுங்கள்.

முதலாவது, மூலப் பாதையின் கடைசிச் சாய்கோடு. அது இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். நூறு தேதி ஃபோல்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குழம்புவது இந்த ஒரு எழுத்தால்தான்.

இரண்டாவது, ‘டிலீட்’ என்ற தேர்வு. மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழித்துவிடும். மூலமும் இலக்கும் இடம் மாறிவிட்டால், அல்லது மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல் வெற்று ஃபோல்டராக நின்றால், நல்ல பிரதி முழுவதும் போயிற்று. படங்களுக்கு அந்தத் தேர்வே தேவையில்லை என்பேன். இடம் போதவில்லை என்றால் பெரிய டிஸ்க் வாங்குங்கள்.

மூன்றாவது, ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே வெளி டிஸ்க் உண்மையில் மாட்டியிருக்கிறதா என்று சோதிக்கும் வரி. டிஸ்கில் ஓர் அடையாள ஃபைல் வைத்து, அது இருந்தால் மட்டும் மேலே போகும்படி எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ‘டிரை ரன்’ ஓட்டி, வரும் பட்டியலைப் படியுங்கள்.

ஃபைல் பெயரில் தமிழ் வைக்கலாமா?

வைக்கலாம், இன்றைய கணினி எல்லாம் ஏற்கும். ஆனாலும் ஃபைல் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் வெறும் எண்ணில் வைக்கவே சொல்வேன். காரணம் யூனிகோடில் இருக்கிறது. ‘கோல்கொண்டா’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓகாரக் குறியும் ஒகரக் குறியும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றையும் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பழைய மேக் டிஸ்கிலிருந்து லினக்ஸ் கணினிக்குப் பிரதியெடுத்தால், ஒரே ஃபோல்டரில் ‘கோல்கொண்டா’ என்று இரண்டு நிற்கலாம். எது எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

தமிழைப் படக்குறிப்பில் வையுங்கள். டார்க்டேபிள், டிஜிகேம் இரண்டும் இலவசம். படத்தைத் தொடாமல் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு ஃபைலில் குறிப்பை எழுத இரண்டிலும் வழி இருக்கிறது. அது வெறும் டெக்ஸ்ட். நாளை அந்த மென்பொருள் இல்லாமல் போனாலும் எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு காலைக்கும் ஐந்து படத்துக்காவது இடம், ஆள், சந்தர்ப்பம் மூன்றையும் தமிழில் எழுதுங்கள். அப்பாவோடு உசேன் சாகர் கரையில் நின்ற படம் எது என்று பத்து வருஷம் கழித்துத் தேடப்போவது நீங்கள்தான்.

தேர்வும் திருத்தமும்

300 படத்தையும் திருத்த உட்காராதீர்கள். எடுத்த அன்றே தேர்வும் வேண்டாம். ஒரு நாள் போகட்டும்.

1. முதல் சுற்று: கண் மூடியது, அசைந்தது, குவியம் தவறியது ஆகியவற்றுக்கு ‘நிராகரி’ குறி. படத்துக்கு இரண்டு விநாடிக்கு மேல் யோசிக்காதீர்கள்.
2. இரண்டாம் சுற்று: மிஞ்சியவற்றில் இருபதுக்கு ஒரு நட்சத்திரம்.
3. மூன்றாம் சுற்று: அதில் ஐந்து. திருத்த வேண்டியது அந்த ஐந்தை மட்டும்.

நிரலாளர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு உண்டு. இரவு வேலைக்காகத் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டைப் போட்டிருப்பார்கள். அதை அணைக்காமலே நிறம் திருத்துவார்கள். மறுநாள் போனில் பார்த்தால் படம் நீலம் பாய்ந்திருக்கும். திருத்துமுன் நைட் லைட்டை அணையுங்கள். திரையின் பிரகாசத்தைப் பாதியளவில் நிலையாக வையுங்கள். அறை விளக்கு ஒன்று எரியட்டும். இருட்டறையில் கறுப்புத் தீம் போட்டுத் திருத்திய படம் அச்சில் எப்போதும் இருண்டே வரும். அனுப்பும் ஜேபெக்கை எஸ்ஆர்ஜிபி நிற வெளியில் எடுங்கள்.

பகல் முழுக்கத் திரை பார்த்த கண்ணுக்கு இரவில் இன்னும் மூன்று மணி நேரம் திரை கொடுப்பது நல்லதல்ல. ஒரு நாளைக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளில் ஐந்தும் முடியும்.

மூன்றாவது பிரதி ஊரில் இருக்கட்டும்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கணினித் துறை முழுக்கச் சொல்லும் இந்த 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ராக், அவர் ஒரு புகைப்படக் கலைஞர். திருட்டு, தீ, மழைவெள்ளம் மூன்றும் ஒரு வீட்டிலுள்ள எல்லா டிஸ்கையும் ஒரே நாளில் கொண்டுபோகும். 2020 அக்டோபர் மழையில் இந்த நகரத்தில் எத்தனை தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

க்ளவுடில் வைக்கலாம். ஆனால் 360 ஜிபியை மாதச் சந்தாவில் வருஷக்கணக்காகக் கட்டுவதைவிட, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எப்படியும் ஊருக்குப் போகிறோம். இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு, ஒன்றை அம்மா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, அங்கிருக்கும் பழையதை எடுத்து வாருங்கள். அடுத்த பண்டிகைக்கு மறுபடி மாற்றுங்கள். நட்சத்திரம் வாங்கிய படங்களை மட்டும் இடைப்பட்ட மாதங்களுக்குக் க்ளவுடில் போட்டால் செலவும் குறைவு.

1. ஊருக்குப் போகும் டிஸ்கை முழுமையாக என்க்ரிப்ட் செய்யுங்கள்.
2. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல் உங்களோடு போய்விடும்.
3. சார்மினார் எக்ஸ்பிரஸில் போனாலும் விமானத்தில் போனாலும் டிஸ்க் கைப்பையில் இருக்கட்டும். உதிரி பேட்டரியும் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், அது விதி.
4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எந்த டிஸ்கிலிருந்தாவது ஒரு தேதி ஃபோல்டரை எடுத்து, வேறு கணினியில் திறந்து, செக்சம் சரிபாருங்கள்.

ரெய்ட் அமைப்பு பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் கெட்டால் அது காப்பாற்றும், தவறுதலாக அழித்தால் காப்பாற்றாது. சிங்க் செய்யும் க்ளவுட் ஃபோல்டரும் அப்படித்தான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

கார்டில் படம் காணவில்லை என்றால்

1. அந்தக் கார்டில் ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காதீர்கள். கேமராவிலிருந்து வெளியே எடுத்துப் பூட்டைக் கீழே தள்ளுங்கள்.
2. கணினி ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.
3. முதலில் கார்டு முழுவதையும் ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். இனி எல்லா முயற்சியும் அந்த இமேஜில்தான்.
4. ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டி, கிடைப்பவற்றை வேறு டிஸ்கில் சேமியுங்கள். கார்டிலேயே சேமித்தால் மிஞ்சியிருப்பதும் அழியும்.
5. மீட்டவை பெயரிழந்து வரும். எக்ஸிஃப் அப்படியே இருக்கும், மேலே சொன்ன பெயர் மாற்றும் படியை மறுபடி ஓட்டுங்கள்.

ஒருமுறை தகராறு செய்த கார்டை மறுபடி நம்ப வேண்டாம்.

மழைக்காலத்தில் லென்ஸ்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை லென்ஸுக்குள் பூஞ்சை வளரும் காலம். மூடி இறுகும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர். 40 முதல் 50 சதவீதம் வரை வையுங்கள், 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். பூட்டி அலமாரியில் வைத்த தோல் பைதான் பூஞ்சைக்கு மிகப் பிடித்த இடம். ஏசி அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வரும்போது பையைத் திறக்காமல் அரைமணி விடுங்கள், கண்ணாடியில் பனி படியாது.

பகிருமுன்

வீட்டு மாடியில் எடுத்த படத்தில் இடக்குறி இருந்தால் உங்கள் முகவரி அதில் இருக்கிறது என்று அர்த்தம். பகிரும் பிரதியிலிருந்து மட்டும் ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள், மூலத்தில் அது இருக்கட்டும். ஆபீஸ் வளாகத்துக்குள் கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். சக ஊழியரின் பிறந்தநாள் படத்தில் பின்னால் திறந்திருக்கும் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாடிக்கையாளர் பெயரோ கடவுச்சொல்லோ படிக்கக் கிடைத்தால் அந்தப் படத்தைப் பகிராதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த ஞாயிறு மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கார்டுகளையும் பென் டிரைவ்களையும் வெளியே எடுங்கள். பூட்டைத் தள்ளி, ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்து, செக்சம் போட்டு, இரண்டாவது டிஸ்குக்கும் அனுப்புங்கள். பெயர் மாற்றமும் படக்குறிப்பும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.